கறிக்கு ஒரு மீன்

ஏலக்கூடத்தில் அவள் மீன் வெட்டும் வேகத்தைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டு நீட்டும்போது வாங்க வந்தவர் இன்னும் பையைப் பிரித்துக்கொண்டிருப்பார். எந்த ஊர் என்று கேட்டால் மட்டும், "இங்கதான், பக்கத்துல" என்பாள். பச்சைப் பொய். அவள் பிறந்தது ஒரு தீவு. வருஷா வருஷம் கடல் ஒவ்வொரு வீடாக வாங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கிணற்றுத் தண்ணீரும் உப்பாகிப்போக, மிச்சம் இருந்த சனங்களை அள்ளிக்கொண்டு வந்து இந்த நகரத்து மாடி வீடுகளில் போட்டார்கள். வந்த மாதமே, தீவுக்காரர்களுக்குத் திருட்டுக்கை என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஏலக்கூடத்தில் தீவுக்காரர் என்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். வீட்டில் அப்பாவும் அவளும்தான். அடுப்பு எரிவது அவள் கத்தியால்தான்.

அந்தத் திருட்டுப் பேச்சு கிளம்பியதற்கும் ஒரு காரணம் இருந்தது. தீவில் படகு கரையேறினால், யார் வேண்டுமானாலும் குனிந்து கறிக்கு ஒரு மீன் எடுத்துக்கொள்ளலாம். கேட்கக் கூடாது. கேட்டால், "நான் என்ன அந்நியனா?" என்று படகுக்காரருக்குக் கோபம் வந்துவிடும். பெரியதை எடுத்தால் பேராசை, சின்னதை எடுத்தால் அவருக்கு அன்று கிடைத்த மீன்பாட்டை மட்டம் தட்டியதாகும். நடுவாந்தரமாக ஒன்று எடுக்க வேண்டும்.

அன்று அவள் சாப்பாட்டுத் தூக்கை மறந்து வந்துவிட்டாள். அப்பா, பாவம், வழி விசாரித்து விசாரித்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே மீன் குவியல். எத்தனையோ மாதம் கழித்துப் பார்க்கிறார், முகம் மலர்ந்துபோயிற்று. குனிந்து, நடுவாந்தரமாக ஒன்றைப் பார்த்து எடுத்துத் துண்டில் சுற்றினார்.

சூப்பர்வைசர் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தான். "பட்டப்பகல்லயே ஆரம்பிச்சிட்டியா? தீவுக்காரன்தானே நீ?"

"கறிக்கு ஒண்ணுதான்யா எடுத்தேன்" என்றார் அப்பா. ஒன்றும் புரியாமல் அவர் கண்கள் மகளைத் தேடின. அந்தப் பார்வையை அவனும் கவனித்துவிட்டான்.

"ஏம்மா, இந்தாளு உனக்குத் தெரிஞ்சவரா?"

அவள் கத்தியையே பார்த்துக்கொண்டு, "தெரியாது" என்றாள். பெற்றவரைத் தெரியாது என்று சொல்ல எப்படித்தான் நாக்கு புரண்டதோ!

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மீனை எடுத்த இடத்திலேயே வைத்தார். "தப்புதான்யா, பழக்கதோஷம். அந்தம்மாவ நான் பாத்ததே இல்ல." தூக்கையும் கொடுக்காமல் திரும்பக் கொண்டுபோய்விட்டார். கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

சாயங்காலம் படியேறும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டினால் தேவலை, கை ஓங்கினால் இன்னும் தேவலை என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்ததும் அப்பா கேட்டது இதுதான்: "வேலை போயிடலையேம்மா?"

"இல்லப்பா."

"நல்லது." சோற்றைச் சூடு பண்ணித் தட்டில் போட்டுக் கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார். குத்தலே இல்லாமல், சந்தேகம் கேட்பவர் மாதிரிக் கேட்டார். "இனிமே வெளியில எங்கயாவது உன்னப் பாத்தா, என்னன்னு கூப்பிடட்டும்?"

அவள் அழுதிருக்கலாம். வேலை போனால் போகிறது, மகளே என்று கூப்பிடுங்கள் என்றிருக்கலாம். சொல்லவில்லை, படுபாவி. வெட்கத்தில் காது சுட, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மீன் வாங்க வர்றவங்க அக்கான்னு கூப்பிடுவாங்க."

அப்பா அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்கக்கா" என்றார்.