கடல் தெரியாத கப்பல் குன்று

பூங்கா வாசலில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு உலகத்தில் உள்ள எல்லா விஷயமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது வருகிறவர்களின் நம்பிக்கை. பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருக்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்கள், பாங்கு வாசலில் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் செலான் நிரப்பிக் கொடுக்கிற காவலாளிகள், இவர்களெல்லாம் என் கட்சி. நமக்குச் சம்பளம் ஒரு வேலைக்கு, கேள்விகள் வேறு வேலைக்கு.

நான் உட்கார்ந்திருப்பது திருத்தணியில், கோயில் மலைக்கு எதிரே தனியாக ஒதுங்கி நிற்கிற சின்னக் குன்றின் அடிவாரத்தில். பூங்கா இங்கே தொடங்கிக் குன்றின் உச்சி வரை போகும். அங்கிருந்து பார்த்தால் ரயில் பாதை தெரியும், ஏரி தெரியும், வடக்கே ஆந்திரா மலைகள் தெரியும். குன்றின் பெயர் கப்பல் குன்று. என் தொல்லைகள் எல்லாம் அந்தப் பெயரில்தான் ஆரம்பித்தன.

கடல் எந்தப் பக்கம்?

சென்னையிலிருந்து ஒரு குடும்பம். முருகனைப் பார்த்துவிட்டு மிச்சமிருந்த பொழுதுக்கு இங்கே வந்திருந்தார்கள். பெரியவர் முதல் கைக்குழந்தை வரை ஒரு வேன் நிறைய ஆட்கள். டிக்கெட் வாங்கும்போதே குடும்பத் தலைவர் என்னிடம் கடல் எந்தப் பக்கம் தெரியும் என்று விசாரித்தார். கடல் நீங்கள் வந்த பக்கம்தான் இருக்கிறது, திரும்பிப் போனால் வரும் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு மேலே போனார்.

அரை மணி கழித்து இறங்கி வந்தார். முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டிருந்தார். பெயர்ப்பலகையை இன்னொரு தரம் நிமிர்ந்து படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கப்பல்னு பேர வெச்சிட்டு ஏரியக் காட்றீங்க. அதுல ஒரு படகாவது வுட்டிருக்கலாம் இல்ல?"

நாலு வரி

போன வருஷம் பூங்காவைப் புதுப்பிக்கிற வேலை வந்தது. புது நடைபாதை, புது விளக்கு, பின்பக்கம் இருக்கும் பெரிய பள்ளத்தை மண் போட்டு மூடிக் குழந்தைகள் விளையாட்டு இடம். வாசலில் குன்றின் வரலாறு சொல்லும் ஒரு கல் பலகை. வேலையைக் கவனித்த இன்ஜினியர் மேடம் இளம் வயதுக்காரர், வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். விசாரித்து நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் சொன்னார். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள், எனக்கு வரலாறு வராது மேடம் என்றேன். அவர் என்னையும் என் பிளாஸ்டிக் நாற்காலியையும் பார்த்துச் சொன்னார்: "நாள் பூரா இங்கேயே இருக்கீங்க, உங்களுக்கே தெரியலன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

நகரி ரோட்டிலிருந்து

முதலில் தோட்டக்காரர் முனிரத்தினத்தைக் கேட்டேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். செடிகளோடும் தெலுங்கில்தான் பேசுவார். நகரி ரோட்டிலிருந்து பார்த்தால் குன்று கவிழ்த்துப் போட்ட கப்பல் மாதிரியே இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போனேன். அவர் சொன்ன இடத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் குன்று குன்று மாதிரி இருந்தது. கொஞ்சம் நடந்து பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கரும்பு ஜூஸ் கடைக்காரர், யாருக்காகவாவது காத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். மறுநாள் வந்து முனிரத்தினத்திடம் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டுப் பொறுமையாக யோசித்தார். "நீ கப்பலப் பாத்திருக்கியா ஜெயம்மா? நானும் பாத்ததில்ல. அப்போ இது கப்பலு மாதிரி இல்லன்னு எப்டி சொல்றே?"

பேழை

அரக்கோணத்திலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு டீச்சர் வந்தார். எங்கள் சபைதான், எனக்குப் பழக்கம். அவரிடமும் கேட்டு வைத்தேன். அவர் பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள்: ஜலப்பிரளயம் வற்றியபோது நோவாவின் பேழை இங்கேதான் வந்து தங்கியிருக்கிறது. பின்பக்கப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீர்தான் அதற்குச் சாட்சி. ஒரு சிறுமி யானை இறங்கிய வழியைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாள். டீச்சர் என்னை ஓரமாக அழைத்துப் போய்க் கெஞ்சினார்: "தயவுசெஞ்சு இத எழுதிடாதீங்க சிஸ்டர். பாஸ்டர் என்னத்தான் கூப்பிட்டுக் கேப்பாரு."

வரிசையாகக் குழிகள்

பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பாறை செங்குத்தாக நிற்கும். அதன் விளிம்பில் கை விரல் நுழைகிற அளவுக்கு, ஒரு பக்கம் உடைந்த மாதிரிச் சதுரக் குழிகள் வரிசையாக இருக்கும். அதில் ஐஸ்கிரீம் குச்சிகளைச் சொருகி வைப்பார்கள், நான் எடுத்துப்போடுவேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உறவு.

ஒருநாள் மொட்டை போட்டு சந்தனம் பூசிய ஒருவர் அந்தப் பாறைக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஊஞ்சல் பக்கம் போய்விட்டார்கள். உடம்புக்கு முடியவில்லையோ என்று நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அவர் சென்னைத் துறைமுகத்தில் வேலை செய்கிறவராம். அலை உள்ளே வராமலிருக்கக் கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அந்தக் கற்களின் ஓரத்திலும் இதே மாதிரிப் பாதிக் குழிகள் வரிசையாக இருக்கும் என்றார். குழி போட்டு, ஆப்பு இறக்கி, பாறையைப் பிளப்பார்களாம். பிளந்தால் குழியில் பாதி இந்தப் பக்கம் நிற்கும், பாதி அந்தப் பக்கம் போகும்.

அப்படியானால் இங்கிருந்து போன கல்தானா என்று கேட்டேன். நான் ஆமாம் என்ற பதிலை எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கல்லு உடைக்கிறவங்க எல்லா ஊர்லயும் இப்டித்தான் குழி போடுவாங்கக்கா. அதுதான் இதுன்னு நான் சொல்லல. இருக்கலாம்னு சொல்றேன்."

மணவூரிலிருந்து வந்தவர்

வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில், ஓர் அம்மா தனியாக வருவார். அறுபதைத் தாண்டிய வயது, கையில் ஒரு முழம் பூ. உச்சிக்குப் போகமாட்டார். நேராகப் பின்பக்கம் போய்ப் பள்ளத்து ஓரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பூவை வைத்துவிட்டுப் போவார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து நான் கேட்டதில்லை. இந்த ஆடியில் அவர் வந்தபோது பாதிப் பள்ளத்தில் மண் கொட்டியிருந்தது. லாரி மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. பூவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவரை உட்காரவைத்தேன்.

பெயர் சம்பூரணம். மணவூரிலிருந்து அரக்கோணம் வந்து ரயில் மாறி வருகிறார். இது கல் குவாரியாக இருந்த காலத்தில் அவருடைய அப்பா எல்லப்பன் இங்கே வேட்டு வைக்கிறவர். அம்மா கல் சுமந்தவர். கல் கீழே இறங்கி லாரியில் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறும். எங்கே போகிறது என்று கேட்டால் மேஸ்திரி, கப்பலுக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்வாராம். துறைமுகத்துக்கு என்பதைத்தான் அந்த மனிதர் அப்படிச் சொல்லியிருக்கிறார். வேலை செய்தவர்களோ கப்பல் கட்டத்தான் கல் போகிறது என்று நம்பியிருக்கிறார்கள். கல்லில் கட்டினால் எப்படி மிதக்கும் என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். அம்மா கடலைப் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் வேட்டு முன்னதாகவே வெடித்தது. அப்பாவும் கூட வேலை செய்த சிலரும் அந்தச் செங்குத்துப் பாறைக்குக் கீழே நின்றிருந்தார்கள். சம்பூரணம் அப்போது கைப்பிள்ளை. அவருக்கு அப்பாவின் முகம் தெரியாது. இடம் மட்டும்தான் தெரியும், அம்மா கூட்டிவந்து காட்டியது.

லாரியை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். எந்த அதிகாரத்தில் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூடட்டும்மா, பசங்க வெளையாடட்டும். அந்தப் பாறையாண்ட மட்டும் கொஞ்சம் வுடச் சொல்லு. நான் இருக்கிற வரைக்கும் பூ வெச்சிகினு போறேன்."

பாதுகாப்பு

அன்றே இன்ஜினியர் மேடத்துக்கு போன் செய்து சம்பூரணம் சொன்னதையெல்லாம் சொன்னேன். வரைபடம் ஒப்புதலாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். நான் வைத்துவிட்டேன். சாயங்காலம் அவரே வந்தார். பாறைக்கு முன்னால் போய் நின்றார், குழிகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார். எல்லப்பன் எந்த இடத்தில் நின்றிருந்தார் என்று கேட்டார். சம்பூரணம் பூ வைக்கிற இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தைச் சுற்றி வந்தாரே தவிர மிதிக்கவில்லை. லாரிக்காரரைக் கூப்பிட்டு இத்தோடு போதும் என்றார். பாறைக்கு முன்னால் நாலு ஆள் நிற்கிற இடம் விட்டு, கம்பி வேலியும் ஒரு சின்னக் கதவும் போடச் சொன்னார். போகும்போது என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "யாராவது ஏன்னு கேட்டா, குழந்தைங்க பாதுகாப்புக்குன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

பலகை

நாலு வரி எழுதிக் கொடுத்தேன். இங்கே கல் உடைத்தார்கள். அந்தக் கல் சென்னைத் துறைமுகத்துக்குப் போனதாகச் சொல்கிறார்கள். உடைத்தவர்கள் அதைக் கப்பலுக்குப் போகிற கல் என்றார்கள். வேலையில் உயிர் விட்டவர்களும் உண்டு. மேடம் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

பலகை வைத்ததும் சம்பூரணத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். அவருக்குப் படிக்க வராது. நான்தான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், இதில் அப்பா பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பேரைப் போட வேண்டும் என்று எனக்கோ மேடத்துக்கோ தோன்றவே இல்லை. மேடத்திடம் கேட்டுச் சேர்த்துவிடலாம் அம்மா என்று ஏதோ சொன்னேன். அவர் கடைசி வரியின்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "வோணாம்மா. கூட செத்தவங்க பேரெல்லாம் எங்கம்மாவுக்கே தெரியாது. அவுங்கள வுட்டுட்டு இவுரு மட்டும் எப்டி இருப்பாரு?"

இந்த வேலையில் நான் கண்ட ஒரே சௌகரியம், வரலாற்றைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டாம், அதுவே வரிசையில் நின்று, சில்லறை இல்லை என்று சொல்லிக்கொண்டு, டிக்கெட் கேட்டு வந்துவிடும்.