இலை வைத்ததும் எரிந்த விளக்கு

சுவிட்சே இல்லாத விளக்கு செய்ய வேண்டும் என்ற திமிர் எனக்கு மாரியூரில்தான் வந்தது. அங்கே ஒரு வீட்டுக்கு நான் செய்து கொடுத்த சூரிய விளக்கு மூன்றே மாதத்தில் செத்துப்போனது. பேனல் நன்றாக இருந்தது, பேட்டரியும் நன்றாக இருந்தது. இருப்பதிலேயே மலிவான சாமானான சுவிட்ச், உப்புக் காற்றில் துருவேறிக் காலை வாரிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இனிமேல் இந்தச் சனியனே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கடலாடியில் டிவி, எமர்ஜென்சி லைட் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வெள்ளை எல்இடி மதுரைக் கடைகளில் கிடைக்க ஆரம்பித்திருந்த சமயம். கரண்ட் இழுக்காத காட்டு வீடுகளுக்குக் குறைந்த விலையில் ஒரு விளக்கு வேண்டும் என்று ராத்தூக்கம் இல்லாமல் அலைந்தேன். கடைசியில் பேனலையே அதற்குக் கண்ணாக்கினேன். வெயில் இருக்கும் வரை பேனலில் மின்சாரம் வரும், பேட்டரி ஏறும். பொழுது சாய்ந்து மின்சாரம் நின்றதும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் விளக்கை எரியவிடும். விடிந்தால் தானே அணைந்துவிடும். மனிதர் தொட வேண்டிய வேலையே இல்லை. ஆறு விளக்கு செய்து ஆறு வீட்டில் கொடுத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை சைக்கிளில் போய்ப் பார்த்து வந்தேன்.

அதில் ஒன்று, கடலாடிக்கு மேற்கே மிளகாய்க் காட்டுக்கு நடுவில் தனியாக நின்ற ஒரு ஓட்டு வீடு. மாமியாரும் மருமகளும் மட்டும்தான். மருமகளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் வடக்கே ஒரு முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் இரண்டு கடிதம் வந்ததாம். அப்புறம் ஆள் இருக்கிற சேதியும் இல்லை, போன சேதியும் இல்லை. மாமியார் அவன் வருவான் என்றே இருந்தாள். மகனுக்குக் கருமாதி செய்துவிடலாம் என்று பங்காளிகள் வாயெடுத்தால் மண்ணை வாரித் தூற்றுவாள். அதனால் மருமகளும் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக அந்த வீட்டிலேயே கிடந்தாள்.

பேனலை அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்து ஓட்டின் மேல் பொருத்தியிருந்தேன். நம்ம பக்கத்துச் சூரியன் உச்சியிலேயே நிற்பதால் லேசாகச் சாய்த்தால் போதும். ஏறக்குறைய ஒரு தாம்பாளம் போலக் கிடந்தது. மருமகளிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னேன்.

"செம்மண் புழுதி படிஞ்சா பேட்டரி ஏறாதும்மா. தினம் ஒருதடவ ஈரத்துணியால தொடச்சு விட்ரு."

தலையை ஆட்டினாள். அதிகம் பேசுகிற பெண் இல்லை.

புரட்டாசி அமாவாசை அன்று நான் அங்கே போனபோது உச்சி வெயில். காற்று அசையவில்லை. சீமைக்கருவேல மரத்தில்கூட ஒரு இலை ஆடவில்லை. வீட்டு வாசலில் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்த நாலைந்து பெண்கள் குத்தவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி உதட்டில் விரலை வைத்தாள்.

மருமகள் தாழ்வாரத்தில் முக்காலி போட்டு ஏறி நின்றாள். கையில் இரண்டு பூவரச இலை, இலைக்கு ஒரு கை சோறு. அமாவாசைக்குச் செத்தவர்களை நினைத்துக் காக்கைக்கு வைக்கிற சோறு. முதல் இலையை மாமனார் பெயரைச் சொல்லி வெறும் ஓட்டில் வைத்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவது இலையைப் புருஷனை நினைத்து வைத்தாள்.

சாத்தியிருந்த கதவின் இடுக்கில் நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது.

பட்டப்பகலில் என் விளக்கு எரிந்தது. அந்தக் காலத்து எல்இடி வெளிச்சம் பாலும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு நிறம். அதில் யார் முகமும் பிணக்களை காட்டும். கதவிடுக்கு வழியே உள்ளே பார்த்தேன். இருட்டான அந்த அறையில் மாமியார் விளக்குக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியாய்யா," என்றாள் விளக்கைப் பார்த்து. "வெயில்ல வந்திருக்க. மெதுவாச் சாப்பிடுய்யா."

ஓட்டின் மேல் காக்கை கொத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது இலையை இழுத்துக்கொண்டு பறந்தது. விளக்கு அணைந்தது.

"சாப்ட்டுப் போயிட்டான்," என்றாள் கிழவி.

அந்த விளக்கில் ஒவ்வொரு ஈயப் பற்றும் என் கையால் வைத்தது. அப்படியும், உள்ளதைச் சொன்னால், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

வாசலில் இருந்த பெண்கள் மெல்லச் சொன்னார்கள். ஆடி அமாவாசையில்தான் இது முதலில் நடந்ததாம். மருமகள் புருஷன் பேரில் இலை வைக்கப் போக, மாமியார் பிடுங்கக் கை ஓங்க, அதற்குள் உள்ளே விளக்கு எரிந்திருக்கிறது. அன்றோடு கிழவி வீம்பை விட்டுவிட்டாள். மகன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டாள். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகிக் காரியம் செய்வதாகவும், தாலியைக் கழற்றிய பிறகு மருமகளை அவள் அண்ணன் வந்து கூட்டிப் போவதாகவும் பேசி முடித்திருந்தார்கள்.

பயம் போய் எனக்குக் கோபம் வந்தது. ஒரு டிரான்சிஸ்டர் செய்த வேலைக்கு ஒரு பெண் தாலி அறுப்பதா? முக்காலியில் ஏறிப் பேனலைப் பார்த்தேன். கண்ணாடியில் இரண்டு பருக்கை ஒட்டியிருந்தது. பார்த்ததும் பளிச்சென்று விளங்கிவிட்டது. பேனலுக்குள் இருப்பது வரிசையாகக் கோத்த சின்னச் சின்னத் துண்டுகள். அதில் ஒன்றை முழுசாக மறைத்தாலும் மொத்த வரிசையும் படுத்துவிடும். விளக்குக்கு அதுதான் இரவு. வெறும் ஓட்டில் வைத்த மாமனார் இலைக்கு எரியாமல், பேனலில் வைத்த மகன் இலைக்கு எரிந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

கிழவியை வெளியே கூப்பிட்டேன். எல்லோரும் பார்க்க உள்ளங்கையைப் பேனலில் வைத்தேன். விளக்கு எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. ஒரு பெண்ணையும் வைக்கச் சொன்னேன். அவள் பயந்து பயந்து வைத்தாள், எரிந்தது. வெற்றிலையை வைத்தேன், அதற்கும் எரிந்தது. பள்ளிக்கூட வாத்தியார் கெட்டார், அப்படி விளக்கம் கொடுத்தேன்.

"இதுல ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்லத்தா. எல்லாம் நாஞ் செஞ்ச கோளாறு," என்றேன்.

கிழவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அப்ப எம்மவன் சாகல! நீ நல்லா இருக்கணும்யா. எம்மவன் உசுரோட இருக்கான்! இவளுக பேச்சக் கேட்டுக் காரியம் பண்ணப் பாத்தனே, பாவி!"

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு மருமகளைத் தேடினேன். அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

வேலையை முடித்துக் கிளம்பியபோது வரப்பு வரைக்கும் கூட வந்தாள். மிளகாய்ச் செடிகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்குத் தெரியும்ண்ணே."

"என்னம்மா தெரியும்?"

"தொடைக்கையில துணி பட்டா எரியும். நீங்க மாட்டிட்டுப் போன மூணாம் நாளே பாத்துட்டேன்."

தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளை நிறுத்தினேன்.

"எலைய நாந்தாண்ணே அதுக்கு மேல வச்சேன், வேணும்னே. பதினோரு வருசம். அவுக இருந்தாலும் சரி, போயிருந்தாலும் சரி, இந்தக் காட்டுக்குள்ள ஒருத்தி எத்தன காலத்துக்கு ஒக்காந்திருக்க? எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரலாம்னு இருந்தேன். தைக்கு இன்னும் நாலு மாசந்தான்."

அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "வெயில்ல பாத்துப் போங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் அங்கேயே நின்றேன். வாயைத் தைத்துக்கொண்டு போயிருக்கலாம். என் விளக்கைப் பேய் என்று சொல்லிவிடக் கூடாது என்ற ரோஷம் என்னைப் பேசவைத்துவிட்டது.

அந்தக் கோளாறைச் சரிசெய்ய இரண்டு மாதம் பிடித்தது. எவ்வளவு நேரம் மறைத்தாலும் பகலை இரவு என்று ஏமாறாதபடி, பேட்டரி ஏற ஆரம்பித்ததிலிருந்து மணியைக் கணக்கு வைக்கும் ஒரு சின்ன ஐசி சில்லைச் சேர்த்தேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. ஆறு வீட்டிலும் மாற்றிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்குக் கடைசியாகப் போனேன்.

தை பிறந்திருந்தது. ராமேஸ்வரம் போகிற பேச்சே அங்கே இல்லை. கிழவி பக்கத்துக் காட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இந்த வெளக்குக்காரத் தம்பிதான் சொன்னாரு, எம்மவன் இருக்கான்னு," என்று என்னைக் காட்டினாள். மறுக்க வாயைத் திறந்தேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

மருமகள் வந்து புது விளக்கைக் கையில் வாங்கினாள். அவள் கழுத்துத் தாலிக்கயிறு புதிதாக மஞ்சள் பூசியிருந்தது. விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பகல்ல எரியாதாண்ணே?"

"எரியாதும்மா."

"என்ன வச்சாலுமா?"

"என்ன வச்சாலும்," என்றேன். அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.