அப்பா கத்தியைக் கீழே வைத்த காரணம்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று அம்மா சொன்னார். எழுதி எழுதிக் கிழித்தேன். இதை எழுதுவது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கொழுந்து பறிக்கும் தாய்க்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் அப்பா. மழையில் நனைந்த புத்தகங்களை அடுப்பங்கரையில் காயவைத்துப் படித்து, எங்கள் தோட்டத்தின் முதல் சத்திரசிகிச்சை நிபுணரானார். வெளிநாட்டு வேலை வந்தும் மலையை விட்டு இறங்கவில்லை. கத்தியை எடுக்கும் முன் நோயாளியிடம் எந்தத் தோட்டம், எந்த லயம், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார். அந்தப் பேச்சிலேயே அவர்களுக்குப் பயம் தெளிந்துவிடும். கோயில் திருவிழாவில் முதல் மாலை வருடந்தோறும் அவருக்குத்தான். கோயில் தலைவரான பெரியப்பாதான் போடுவார்.

ஒரு நாள் காலை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அப்பாவின் வலது கை நடுங்கியது. அன்று அவர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மேலதிகாரியிடம் தாமே போய்ச் சொல்லி, வெளிநோயாளர் பிரிவுக்கு மாறிக்கொண்டார். அது நடுக்குவாதம் என்று பிறகுதான் தெரிந்தது.

லயத்தில் ஒருவருக்குக் கை நடுங்கினால் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். டொக்டர் குடிக்கிறார், அதனால்தான் கத்தியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. அந்த வருடம் முதல் மாலை வேறொருவர் கழுத்தில் விழுந்தது. அன்னதானப் பந்தியில் அப்பா கையில் வாங்கிய ரசம் சிந்தியது.

"என்ன தம்பி, இன்னைக்கு இன்னும் ஊத்தலையா? கை கேக்குதே" என்றார் பெரியப்பா.

பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் சாம்பார் வாளியோடு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், நோயைச் சொல்லிவிட்டால் என்ன என்று அப்பாவோடு சண்டை போட்டேன். அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடிகாரன் மகளுக்கு மாப்பிள்ளை கிடைச்சிரும் பாப்பா. வியாதிக்காரன் மகளுக்குக் கிடைக்காது. இது பெரும்பாலும் பரம்பரையா வராதுன்னு எனக்குத் தெரியும். ஊருக்கு யாரு புரிய வைக்கிறது? ஏசிட்டுப் போகட்டும்."

அந்த ஏச்சோடுதான் என் கல்யாணம் நடந்தது. சாகும்வரை அந்தப் பேரோடுதான் அவர் இருந்தார். என் கணவரிடம் பின்னால் உண்மையைச் சொன்னேன். இதை எழுதச் சொன்னவரே அவர்தான். மாமியார் வீட்டிலும் இந்த மலரைப் படிப்பார்கள். அப்பாவின் பேச்சில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனாலும் என் மகள் பால் கோப்பையைத் தூக்கும்போது அவள் விரல்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று கோயில் சார்பில் பெரிய மாலையோடு பெரியப்பா வந்தார். நான் எழுந்து வழியை மறித்து நின்றேன்.

"விடு பாப்பா, போடட்டும்" என்றார் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "இப்பதான் கை நடுங்கலையே."

அப்பாவைக் கடைசிவரை மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், கடைசி நாட்களில் அவருக்குத் தினமும் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்ட என் கணவருக்கும் எங்கள் நன்றி. மாலை கொண்டு வந்த பெரியப்பாவுக்கும் நன்றி சொல்வதுதான் முறை, சொல்கிறேன். அது கழுத்தில் விழுந்தது அப்பாவுக்குத் தெரியாது.