செசிலி டீச்சருக்கு இரண்டு இடம்

இந்தப் பக்கம் குடிவந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில்தான் எங்கள் பர்மா அகதிகளின் ஓலைக் குடிசைகள் இருந்தன. ஏரியின் மறுபக்கத்தில் நாலைந்து புங்க மரங்கள் தெரிந்தன. நல்ல நிழல், சத்தமில்லாத இடம். ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உட்காருகிறவன் நான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் போய்விட்டேன். இரண்டு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையில் கோலோடு என் முன்னால் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும்.

“இன்னா நைனா, வூட்ல எதுனா சண்டையா?”

இல்லை அக்கா, சும்மா பேப்பர் படிக்கிறேன் என்றேன். அவள் செய்தித்தாளைப் பார்த்தாள், தலைக்கு மேலிருந்த கிளையைப் பார்த்தாள், என் இடுப்புத் துண்டைப் பார்த்தாள். எழுந்து வரச் சொன்னாள். எதுவாக இருந்தாலும் கூழ் குடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று தன் வீட்டுக்கு அழைத்துப் போய், வெங்காயம் வைத்துக் கூழ் ஊற்றினாள். தூக்கு மாட்டிக்கொள்ள வந்தவன் என்று அவள் நினைத்தது கூழ் பாதி இறங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் மறுத்துச் சொல்லச் சொல்ல, அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவள் பெயர் கன்னியம்மாள். புருஷனை இழந்தவள். ஒரு மகள், மூன்று மாடு, சாலையோரம் ஒரு மேட்டுக் கொல்லை, இவ்வளவுதான் அவளுடைய உலகம்.

கப்பலேறி வந்து வியாசர்பாடியிலும் மற்ற முகாம்களிலும் சிதறிக் கிடக்கும் நம் ஆட்களுக்கு நான் ஏன் அங்கே போய் உட்கார்ந்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரங்கூனில் எங்கள் வீட்டுப் பின்சுவர்தான் கல்லறைத் தோட்டத்தின் பக்கச் சுவர். அந்த நகரத்தில் சீனர்களுக்கு, முஸ்லிம்களுக்கு, யூதர்களுக்கு என்று தனித்தனியாக இடங்கள் உண்டு. எங்கள் சுவருக்கு அப்பால் இருந்தது கிறிஸ்தவர்களுடையது. நாங்கள் திருநீறு பூசுகிறவர்கள். இறந்தவர்களை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுவோம். ஆனால் நான் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தக் கற்களில்தான். வாசலிலிருந்து உள்ளே போகும் பாதையின் இருபுறமும் நகரத்தின் பெரிய மனிதர்கள் படுத்திருந்தார்கள். புயலில் உடைந்த கப்பலிலிருந்து கடைசி ஆள் படகில் இறங்கும்வரை தளத்தை விட்டு நகராத ஒரு கப்பல் தலைவர். அவர் கல்லின் மேல் இரும்பு நங்கூரம் சாய்த்து வைத்திருக்கும். தன் அரிசி ஆலையை விற்றுப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டிய ஓர் ஆர்மீனிய வியாபாரி. ஆற்றின் போக்கைப் படகிலேயே வாழ்ந்து அளந்தவர். பர்மியப் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்திய ஓர் அம்மையார். சித்திரை மாதத்தில் அவர் கல்லின்மேல் யாராவது மஞ்சள் நிறப் பதாவ் பூக்களை வைத்துவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து, கற்களைப் படித்து, குழந்தைகளுக்குச் சொல்லி, நிழலில் உட்கார்ந்து தின்பண்டம் தின்பார்கள். செத்தவர்களிடம் அங்கே யாருக்கும் பயமில்லை. ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் வருவதைப் போலத்தான் போய் வருவார்கள்.

அந்த வரிசையில் ஒரே ஒரு கல்லில் தமிழ் எழுத்து இருந்தது. அருளப்பன் கம்பவுண்டரின் கல். துறைமுகக் கூலிகளின் லைன் வீடுகளில் காலரா பரவியபோது மற்றவர்கள் உள்ளே போகத் தயங்க, அவர் தினமும் போனார். தண்ணீரைக் காய்ச்ச வைத்தார், வாந்தியைக் கழுவினார், குடித்துவிட்டுக் கிடந்தவர்களையும் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். நோய் ஓய்கிற நேரத்தில் அது அவரையும் பிடித்துக்கொண்டது. நகரசபை கூடி, பெரிய மனிதர்களின் வரிசையில் அவருக்கு இடம் கொடுத்தது. இங்கிலீஷ், பர்மியம், தமிழ் என்று மூன்று மொழியிலும் பெயர் வெட்டினார்கள். அந்தச் சுவரோரம் வேலைக்குப் போகும் நம் ஆட்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள்.

நகரசபை கொடுத்தது இரண்டு பேருக்கான இடம். அதனால் கம்பவுண்டரின் பெயருக்குக் கீழே அவர் மனைவி செசிலியின் பெயரையும் அப்போதே வெட்டிவிட்டார்கள். பிறந்த வருஷம், ஒரு கோடு, அதற்குப் பிறகு வழவழப்பான வெறும் கல். அவர்தான் எங்கள் டீச்சர். கூலி லைன் பிள்ளைகளுக்கென்று அவர் நடத்திய பள்ளியில்தான் நானும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை கல்லறையில் அவர் பெயரைப் படித்துவிட்டு, திங்கட்கிழமை அவரிடமே வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள் நாங்கள். பர்மிய வழக்கப்படி அவரைச் சயாமா என்று கூப்பிடுவோம். டீச்சரம்மா என்று அர்த்தம்.

அறுபதுகளின் நடுவில் எல்லாம் கலைந்தது. ராணுவ அரசு எடுத்துக்கொண்டதில் கடைகள் போயின, பள்ளிகள் போயின, நம் ஆட்கள் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். டீச்சர் வர வேண்டிய கட்டாயமில்லை. பழக்கமான ஒரு பர்மியக் கிறிஸ்தவக் குடும்பம் அவரைத் தங்களோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னது. புருஷன் பக்கத்தில் படுக்க இடமும் தயாராக இருந்தது. ஆனாலும் நாங்கள் ஏறிய கப்பலில் அவரும் ஏறினார். கரை மறைந்த பிறகு, ஏன் வந்தீர்கள் சயாமா என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: “அவர் எங்கேயும் போகமாட்டார். இந்தப் பிள்ளைகள் போகிறார்களே.”

இந்தப் பிள்ளைகளோடுதான் ஏரிக்கரைக் குடிசைக்கும் வந்தார். ஆண்களும் பெண்களும் செங்கல் சூளைக்குப் போனோம். டீச்சர் சூளையோரத்துப் புளிய மரத்தடியில் பள்ளியைத் தொடங்கிவிட்டார். முதலில் எங்கள் பிள்ளைகள், பிறகு ஊர்ப் பிள்ளைகள். கன்னியம்மாளின் மகள் சரோஜா ஏழாவதோடு நின்றிருந்தாள். கூழ் குடித்த உரிமையில் நான்தான் போய்ப் பேசினேன். பெண்பிள்ளை படித்து என்ன செய்யப்போகிறது என்று கன்னியம்மாள் கேட்டாள். அதைக் கேட்டதும் டீச்சரே அவள் வீட்டுக்குப் போனார். அவளோடு சேர்ந்து மாட்டுக்குப் புல் அறுத்தார், அறுக்கத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டார். மறுநாளும் போனார். நாலாம் நாள் சரோஜா பலகையோடு புளிய மரத்தடிக்கு வந்துவிட்டாள். சில வருஷத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, செங்கல்பட்டில் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போனாள்.

சயாமா என்ற சொல் ஊர்ப் பெண்கள் காதில் சாயம்மா என்று விழுந்தது. அது அவர் பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள். யாருமற்ற ஏழை விதவை என்று அவர்கள் இரக்கப்பட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கன்னியம்மாளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ரங்கூன் எவ்வளவு பெரிய பட்டணம், அதன் கல்லறைத் தோட்டத்தில் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நடுவில் இவருக்கும் இடம் ஒதுக்கிப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் இருண்டுவிட்டது.

“உயிரோட கீற மனுசிக்குக் குழி தோண்டி வெச்சாங்களா? அதான் பாவம், தப்பிச்சு ஓடியாந்துட்டாங்க” என்றாள். அதன் பிறகு டீச்சருக்குத் தினம் ஒரு சொம்பு பால் வரத் தொடங்கியது.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாத அடைமழையில் டீச்சர் இறந்துபோனார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். செங்கல்பட்டுப் பக்கத்து மாதா கோவில் கல்லறையில் அடக்கம் செய்துகொள்ளலாம் என்று அங்கிருந்த சாமியார் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் ஏரி நிரம்பி, கலங்கல் வழியே தண்ணீர் புரண்டு சாலையை இரு பக்கமும் அறுத்துவிட்டது. பஸ் இல்லை, மாட்டு வண்டியும் போக முடியாது. குடிசைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். டீச்சரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்திருந்தோம். ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்தோம். மழை விடவில்லை. இனி வைத்திருக்க முடியாது என்றானதும், நாங்கள் நாலைந்து பேர் மணியக்காரரிடம் போய், ஊர்ச் சுடுகாட்டில் ஒரு மூலை கேட்டோம். அவர் கெட்டவரில்லை. எங்களை உள்ளே அழைத்து, துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தவர். ஆனால் ஊருக்கு ஒரு இடம், சேரிக்கு ஒரு இடம் என்று இருந்தது. எதில் வைப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“அந்தம்மா இன்னா ஜனம்?” என்று கேட்டார்.

“பர்மா” என்றேன்.

“அது தெரியும்பா. இன்னா ஜனம்னு கேக்கறேன்.”

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. கிறிஸ்தவர் என்றேன். அதிலும் எந்த ஜனம் என்றார் அங்கிருந்த இன்னொருவர். தெரியாத ஆளை ஊர் இடத்தில் வைத்தால் நாளைக்குப் பேச்சு வரும் என்றார் மற்றொருவர். இங்கே வைக்கவும் பயந்தார்கள், அங்கே வைக்கச் சொல்லவும் கூசினார்கள். ஒரு பெரிய நகரம் தன் பெரிய மனிதர்களுக்கு நடுவில் இடம் போட்டு வைத்திருந்த பெண்மணிக்கு ஆறடி மண் கேட்டு, ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். கோபம் வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு சோர்வுதான் வந்தது.

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கன்னியம்மாள் வாசலில் நின்றிருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. மணியக்காரர் முன்னால் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“மேட்டுக் கொல்லைல தண்ணி நிக்கல. ரோட்டோரத்து மூலைல வெய்யி நைனா.”

அவள் கொழுந்தன் அங்கே இருந்தார். பாகம் பிரிக்காத நிலம் அது. பிணம் புதைத்த கொல்லையை நாளைக்கு எவன் வாங்குவான் என்று சத்தம் போட்டார். கன்னியம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“விக்கிறதுக்கா கொல்லை வெச்சிகினு கீறேன்? எம் பொண்ணு இன்னிக்கு ஆஸ்பத்திரில வெள்ளை உடுப்பு போட்டுகினு நிக்கிறா. அவுங்க இன்னா ஜனமா இருந்தா எனக்கு இன்னா?”

மணியக்காரர் கையைத் தூக்கி அவரை அடக்கினார். பிறகு, அவளுடைய பங்கில் அவள் வைத்துக்கொள்கிறாள், இதில் ஊர் சொல்ல ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார். கொழுந்தன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் அண்ணியோடு பேசவில்லை. நல்லது கெட்டதுக்கும் கூப்பிடவில்லை. அந்த மூலைக்குக் கன்னியம்மாள் கொடுத்த விலை அது.

குழியை நாங்களே தோண்டினோம். மேட்டு நிலம்தான் என்றாலும் அடியில் ஊற்று கசிந்தது. சூளையிலிருந்து உடைந்த செங்கல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, நாலு பக்கமும் அடுக்கி, டீச்சருக்கு உலர்ந்த ஓர் அறை கட்டினோம். சாமியார் வர வழியில்லை. எங்கள் பிள்ளைகள் தெரிந்த ஜெபத்தைச் சொன்னார்கள். ஊர்ப் பெண்கள் சாயம்மாவுக்கு என்று கற்பூரம் ஏற்றினார்கள். மழையில் அது அணைய அணைய, முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏற்றினார்கள். நான் திருநீற்றை எடுத்துப் போட்டேன். மண் தள்ள வந்தவர்களில் கடைசி ஆளாக மணியக்காரரும் வந்து ஒரு கைப்பிடி போட்டுவிட்டுப் போனார். குழி தோண்டி முடிப்பதற்குள், சேதி கேட்டு, சாலையில்லாத வெள்ளத்தில் செங்கல்பட்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்திருந்தாள் சரோஜா. அவள் ஆஸ்பத்திரி உடுப்பு தோள்வரை சேறாகியிருந்தது. அழுகிற தாயைத் தேற்றிவிட்டு, டீச்சரின் தலைமுடியைச் சீவி, முகத்தைத் துடைத்துவிட்டது அவள்தான்.

ரங்கூன் வரிசையில் இருந்தவர்களை இன்றும் நான் வணங்குகிறேன். அவர்கள் செய்தது சாதாரணமான காரியமில்லை. ஆனால் அவர்களைப் பெரியவர்கள் என்று சொல்ல ஒரு நகரசபை இருந்தது, கல் இருந்தது, கல் வெட்டுகிற ஆள் இருந்தான். கன்னியம்மாளிடம் ஒரு மேட்டுக் கொல்லைதான் இருந்தது. மழையில் நின்றுகொண்டு, யாரையும் கேட்காமல், ஒருவர் பெரியவர் என்று அவள் தனியாகவே முடிவு செய்தாள்.

பிறகு இந்தப் பக்கம் மாறிவிட்டது. மறைமலை நகரில் கம்பெனிகள் வந்தன. சூளையை விட்டுவிட்டு நானும் பிட்டர் வேலைக்குப் போனேன். ஷிப்ட், ஓ.டி. என்று வாழ்க்கை வேறு மாதிரி ஓடத் தொடங்கியது. படப்பை வரை மனை போடுகிறார்கள். போன வருஷம் ஒரு நிலத் தரகர் கன்னியம்மாளின் கொல்லைக்கு நல்ல விலை சொன்னார். சாலையோரத்து மூலையிலிருக்கும் எலும்பை மட்டும் முறையாக எடுத்து வேறெங்காவது வைத்துவிடலாம் என்றார். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. “ஆளு குடியிருக்கிற எடம் நைனா அது. காலி பண்ணச் சொல்ல எனக்கு வாய் வராது” என்று அவருக்கும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அந்த மூலைக்கு எதிரில்தான் இப்போது பஸ் நிற்கிறது. அங்கே நிறுத்தம் என்று யாரும் பலகை வைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மாலையோடு வந்து இறங்கும் நம் ஆட்களும், ஏரிக்கரைக் குடியிருப்புக்குப் போகிறவர்களும் அங்கேயே இறங்கி இறங்கி, அது தானாக ஒரு நிறுத்தமாகிவிட்டது. சென்ற வாரம் ஷிப்ட் முடிந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிக்காரர். ஊரை விட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றார். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சு புரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஏரி தெரிந்ததும் கண்டக்டர் விசிலை ஊதி, “பர்மால்லாம் எறங்கு, பர்மா” என்று கத்தினார். திருநெல்வேலிக்காரர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

“பர்மான்னு இங்க ஒரு ஊரா இருக்கு அண்ணாச்சி?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.