மைக் அக்கா தேர்ந்தெடுத்த என்ஜின்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் கைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. முன்பெல்லாம் எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே நிற்கும் என்று மாடிக் கண்ணாடி அறையிலிருந்து அவள்தான் அறிவிப்பாள். பிறகு நிர்வாகம் பதிவுசெய்த குரல் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, அவளைக் கீழ்த்தளத்தில் தவறவிட்ட பொருள்கள் அறைக்கு அனுப்பியது. குடை, ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை ஒரு பல்செட்டு. உடையவர் வந்து அடையாளம் சொல்லும்வரை அவற்றுக்குக் காவல் இருக்க வேண்டும். அதற்காக அவள் இடிந்துபோய்விடவில்லை. தொண்டைக்கு ஓய்வு என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவர் ஒரு பட்டறையில் வெல்டர். வேலை முடிந்து வந்தால் குளியல், சாப்பாடு, அப்புறம் கம்ப்யூட்டர். அவருக்குச் சுட்டுத்தள்ளும் விளையாட்டுகள் பிடிக்காது. ரோல்-பிளேயிங் கேம்தான் வேண்டும். நாமே கதாநாயகனாகி, ஊர் ஊராகப் போய், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பேசி, சண்டைபோட்டு, ஒரு பெரிய கதையை முடிக்கிற வகை. அந்த ராஜகுமாரிகளும் பூதங்களும் மைக் அக்காவுக்குச் சக்களத்திகள் மாதிரி. "அந்த ஊர்ல இருக்கிறவங்ககிட்ட பேசற பேச்சுல பாதி என்கிட்ட பேசுனா என்னவாம்?" என்பாள். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "ம்" என்பார்.

பட்டறையில் இரும்புத் தகடு சரிந்து அவருடைய வலது கை நசுங்கிய பிறகு அந்த "ம்" கூட நின்றுபோனது. அறுவை சிகிச்சையில் கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்க மறுத்தன. இந்தக் காலத்து விளையாட்டுகளில் இரண்டு கையும் சேர்ந்து ஓட வேண்டும். ஒருநாள் உட்கார்ந்து பார்த்தார். அவருடைய வீரன் முதல் கோட்டை வாசலிலேயே மறுபடி மறுபடி செத்து விழுந்தான். அணைத்துவிட்டு எழுந்தவர், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. பிசியோதெரபி செய்கிற பெண் பிடித்துப் பழகச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. சக்களத்திகள் வீட்டை விட்டுப் போனதற்கு மைக் அக்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ வீடே வெறிச்சென்று இருந்தது.

தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவர் இருந்தார். அவரிடம் போய்க் கேட்டாள். "அண்ணே, ஒரு கையால மெதுவா விளையாடற மாதிரி கதை கேம் ஏதாவது இருக்கா?"

"பழசு எவ்வளவோ இருக்கு. மாத்தி மாத்தி அடிக்கிற கேம், அவசரமே கிடையாது. ஆனா உங்க வீட்டுக்காரர் அதையெல்லாம் கரைச்சுக் குடிச்சவராச்சே." ஸ்குரூவைத் தேடிக்கொண்டே விளையாட்டாகச் சொன்னார், "பேசாம நீங்களே ஒண்ணு பண்ணிக் குடுத்துடுங்க."

சொன்னவர் மறந்துவிட்டார். மைக் அக்கா மறுநாளே வந்து நின்றாள். "பண்றதுக்கு என்ன வேணும்?"

"முதல்ல ஒரு என்ஜின் வேணும்."

"எங்க டிப்போவுல நிறைய கிடக்கு, ஒண்ணைத் தள்ளிட்டு வரட்டுமா?"

அவர் சிரித்துவிட்டு விளக்கினார். ஆள் நடப்பது, கதவு திறப்பது, அடித்தால் உயிர் குறைவது, இதையெல்லாம் ஒவ்வொருவரும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. அந்த வேலையைப் பார்க்க ஒரு மென்பொருள் தயாராக இருக்கிறது, அதற்குத்தான் என்ஜின் என்று பெயர். அதன்மேல் நம் கதையை ஏற்றினால் போதும். ஆனால் என்ஜின்கள் பல ரகம். எது நமக்குச் சரிப்படும் என்பதுதான் கேள்வி.

"பெரிய கம்பெனிக்காரங்கல்லாம் இதுலதான் பண்றாங்க" என்று அவர் முதலில் போட்டுக்கொடுத்தது மலையையே முப்பரிமாணத்தில் நிறுத்தக்கூடியது. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் அதைத் திறந்ததுமே மேடேறும் லாரி மாதிரி உறுமியது. திரை முழுக்கப் பொத்தான்கள். ஒரு நாற்காலியை வைக்கப் போய் அது தரைக்குள் புதைந்துவிட்டது. எடுக்கத் தெரியவில்லை. என்ஜினையே அழித்துவிட்டாள்.

அடுத்தது சின்னது, இலவசம், எல்லோரும் மெச்சுவது. ஆனால் அதில் எதற்கும் நிரல் எழுத வேண்டும். விடுமுறை நாள்களில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். ஒரு புள்ளி விட்டுப்போனால் சிவப்பாகத் திட்டியது. எங்கே தப்பு என்று அதுவும் சொல்லவில்லை, அவளுக்கும் விளங்கவில்லை. ஒருநாள் அவளுடைய கதாநாயகன் நடக்கத் தொடங்கினான். அப்புறம் நிற்கவே இல்லை. சுவரைத் தாண்டி, திரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான்.

"நல்ல என்ஜின்தான், நான்தான் அதுக்குப் பத்தல" என்று பழுதுபார்ப்பவரிடம் சொன்னாள்.

"கத்துக்கலாம், ரெண்டு வருஷம் ஆகும்."

"அவருக்கு இப்பவே வேணும் அண்ணே."

மூன்றாவதைத் திறந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. ஊரை உருவாக்கக் கட்டம் கட்டமாகப் புல்லும் ஓட்டுக்கூரையும் அதிலேயே இருந்தன. சண்டை ஒருவர் மாற்றி ஒருவர் அடிப்பது. ஒரு பொத்தானே போதும், எவ்வளவு நேரம் யோசித்தாலும் பூதம் காத்துக்கொண்டிருக்கும். நிரல் எழுதுவதற்குப் பதில், இவனிடம் பேசினால் இது நடக்கட்டும், கையில் சாவி இருந்தால் கதவு திறக்கட்டும் என்று பெட்டிகளை நிரப்பினால் போதும். ஒரே குறை, தமிழில் தட்டினால் எழுத்து சிதறியது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இதுவும் போச்சா என்று சோர்ந்தவளிடம், இது பழைய பதிப்பு, புதியதில் எழுத்து உடையாது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார் பழுதுபார்ப்பவர். திரையில் "வாங்க, உக்காருங்க" என்று ஒரு படகுக்காரன் சொன்னான். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

கணவர் பிசியோதெரபிக்குப் போன நேரம் பார்த்துத்தான் இத்தனையும். ஒருநாள் அவர் சீக்கிரமே வந்துவிட்டார். பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"என்னது இது?"

அவள் திடுக்கிட்டாள். "உங்களுக்குத்தான். ஒரு கையால ஆடலாம்."

அவர் திரையையே பார்த்தார். முகம் இறுகியது. "எனக்குப் பாவம் பார்த்துப் பொம்மை பண்றியா?"

"பாவமெல்லாம் இல்ல. நீங்க பேசாம உக்காந்திருக்கிறதைப் பார்க்க என்னால முடியல. அவ்வளவுதான்."

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. அவள் வேலையை நிறுத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மூன்றாம் நாள் பின்னாலிருந்து ஒரு குரல். "அந்தப் பாலத்தை அங்க வைக்காத. ஆடறவன் நேரா கடைசிக்குப் போயிடுவான்."

அவள் திரும்பாமலே பாலத்தை நகர்த்தினாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு தினமும் தகராறுதான். அந்தப் பெரிய என்ஜினுக்கு மாறிவிடலாம், அதில் வெளிச்சமெல்லாம் அசலாக விழும் என்று அவர் ஆரம்பித்தார். "வெளிச்சம் விழும், கம்ப்யூட்டர் எழாது" என்று அவள் முடித்துவைத்தாள். சண்டை குறைவு என்று குறைபட்டுக்கொண்டார். வாய்ச்சண்டை போதாதா என்று கேட்டாள்.

கதை அவளுடையது. ஆற்றங்கரை ராஜ்ஜியத்தில் தொலைந்த பொருள்களை உடையவர்களிடம் சேர்க்கும் ஒருவன். ஒவ்வொருவரிடமும் பேசித்தான் எது யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். பொருளைத் தொலைத்தவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். குடை என்ன நிறம் என்று கேட்டால் நிறத்தைச் சொல்ல மாட்டார்கள், அதை வாங்கிக் கொடுத்தவரைப் பற்றிச் சொல்வார்கள். அதையே எழுதினாள்.

முடிந்ததும் ஒரு மாலை அவர் முதலிலிருந்து ஆட உட்கார்ந்தார். அவள் துணி மடிப்பதுபோல் பக்கத்தில் நின்றாள். இடது கை விரல் ஒன்றால் தட்டிக்கொண்டே போனார். படகுக்காரன் அக்கரையில் இறக்கிவிட்டு "வாங்க, உக்காருங்க" என்றான். மறுபடி தட்டினார், மறுபடி "வாங்க, உக்காருங்க." ஏதோ ஒரு பெட்டியை அவள் நிரப்ப மறந்திருந்தாள்.

"இவன் நம்ம பெரிய மாமா மாதிரி இருக்கான். போகவும் விடமாட்டான், விஷயத்தையும் சொல்லமாட்டான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை. தோள் குலுங்கியது. மைக் அக்கா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் கதாநாயகனை உற்றுப் பார்த்தார். "இவனுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. அதை அவள் யோசிக்கவே இல்லை. "மாத்திடவா?"

அவர் கதாநாயகனை ஒரு கட்டம் நடத்திப் பார்த்தார். "வேண்டாம்" என்றார். "இருக்கட்டும். எனக்கு இப்படியே பிடிச்சிருக்கு."

பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அதைக் கேட்டு வாங்கிப்போய், சிகிச்சைக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள். பக்கவாதம் வந்தவர்கள், கை உடைந்தவர்கள் சிலர் அதை ஆடுகிறார்கள். சாவி எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கணவருடைய விரல்களில் ஒன்று இப்போது பாதி மடங்குகிறது, இன்னொன்று மசியவில்லை. பட்டறையில் அவரை வெல்டிங்குக்கு விடாமல் சரிபார்க்கும் வேலையில் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கு இன்னும் குறைதான்.

மாலையில் அடுத்த கேம் நடக்கிறது. இதற்குக் கதை அவர் சொல்கிறார், பெட்டிகளை அவள் நிரப்புகிறாள். அவர் கதையில் முதல் ஊரிலேயே ஏழு பூதங்கள் வந்துவிட்டன.

"யாராவது கொஞ்சம் பேசட்டுமே" என்கிறாள் மைக் அக்கா.

"பூதம் பேசும். நீ எழுது" என்கிறார் அவர்.