தெற்குக் கிளை

லவங் கான் கையால் விதைத்த ஜூனிப்பர் மரம் ஒன்றுகூட முளைத்ததில்லை. விதையை ஊறவைத்தார், கல்லில் உரசினார், ஆட்டு எருவில் புதைத்தார். மண் வாய் திறக்கவில்லை. கடைசியில் வீட்டுக்குப் பின்னாலிருந்த கிழட்டு ஜூனிப்பர் மரத்தடியில், பறவை தின்று எச்சமிட்ட விதையிலிருந்து தானாகவே ஒரு கன்று எழும்பியது. தெற்கே தாழ்ந்து நீண்ட கிளையொன்று அதற்கு நிழல் தந்தது. லவங் சுற்றிலும் கல் அடுக்கி ஆடுகளை மறித்தார். கோடையில் தொழுகைக்குக் கைகால் கழுவும் நீர் அதன் வேரில் விழும்படி உட்கார்ந்துகொள்வார். எட்டாவது கோடையில் கன்று ஒரு சாண் உயரம்.

"லாலா, மகன் வளர்ந்துட்டானா?" என்று வழியில் கன்றைப் பற்றிக் கேட்பார்கள்; பெரியவரை லாலா என்பது அங்கே வழக்கம்.

"இப்பத்தான் தவழுறான். நிக்கும்போது நான் இருக்க மாட்டேன்," என்பார்.

ஜியாரத் மலையில் அவருடைய ஊர்க் காட்டுக்கு அவர்தான் காவல். காய்ந்து விழுந்ததை யாரும் எடுக்கலாம். பச்சை மரத்தில் கோடரி வைத்தால் ஒரு கடா தண்டம். சொந்த மச்சானிடமே வாங்கியவர். முந்தின குளிர்காலத்தில் மேலூர் சஹாக், பிரசவித்த மனைவி நடுங்குகிறாள் என்று பச்சைக் கிளை ஒன்றை வெட்டிவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் கூடும் ஜிர்காவில் அதைச் சொல்லித் தலைகுனிந்து நின்றான்.

"குளிர் எல்லார் வீட்டுக்கும்தான் வருது," என்றார் லவங். கடா வந்தது. அந்தச் சொல் ஊருக்குப் பிடித்துப்போய், கிழவர்கள்கூட எடுத்துச் சொன்னார்கள்.

மறு குளிர்காலத்தில் ஒரு பிற்பகல், பனிக்காற்றில் அவர் கதவைத் தட்டியவன் அதே சஹாக். கீழே ஹர்னாயிலிருந்து கழுதையில் மாவேற்றி வந்தவனை மேலூர்ப் பாதையில் பனி மறித்துவிட்டது. தாடி உறைந்திருந்தது. லவங் அவனை அடுப்பருகே உட்காரவைத்தார். மனைவி ஜர்குனா உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சியை வேகவைத்தாள். அது பாதி வெந்தபோதே விறகு தீர்ந்தது. காய்ந்த சுள்ளிகளெல்லாம் வெளியே இடுப்பளவு பனிக்குள் கிடந்தன.

"பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கிட்டு வாங்க," என்றாள் அவள் தணிந்த குரலில்.

"விருந்தாளியை உட்காரவெச்சுட்டு அடுத்தவன் கதவைத் தட்டி விறகு கேக்கணுமா? நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு வேற வேலை இல்லையா? போயி கேளுங்க."

அவர் போனார், பக்கத்து வீட்டுக்கு அல்ல. கோடரியோடு பின்பக்கம் போனார். பனிக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது தெற்குக் கிளை மட்டும்தான்.

பச்சை ஜூனிப்பர் எரிவதைப் புகையே காட்டிக்கொடுத்துவிடும். இனிப்பும் காரமுமாய் ஒரு வாசம் வீட்டை நிறைத்தது. ரொட்டியைக் குழம்பில் பிட்டுக்கொண்டிருந்த சஹாக் ஒரு கணம் கையை நிறுத்தினான். பிறகு சாப்பிட்டான்.

"குழம்பு நல்லா இருக்கு லாலா," என்றான்.

பனி உருகியதும் ஆடு மேய்த்தவர்கள் வெட்டுவாயைக் கண்டார்கள். பனிக்காற்று வீசிய அன்று அந்தப் பக்கம் சஹாக்கின் கழுதை போனதைப் பார்த்ததாகவும் ஒருவன் சொன்னான். ஜிர்கா கூடியது.

"காவல்காரன் வீட்டு மரத்துலயே கை வெச்சிருக்கியே," என்றார் ஊர்த் தலைவர் மலிக் பாயிந்த். "சொல்லு, சஹாக்."

சஹாக் லவங்கைப் பார்த்தான். அவர் உப்பைத் தின்றவன்.

"கடாவைக் கொண்டு வரேன்," என்றான்.

மலிக் வழக்கப்படி காவல்காரர் பக்கம் திரும்பினார். "தண்டம் என்ன?"

எத்தனையோ முறை சொன்ன பதில், நினைப்பதற்கு முன்பே நாக்கிலிருந்து வந்துவிட்டது. "ஒரு கடா," என்றார் லவங்.

சஹாக் எழுந்து மலையேறினான். மற்றவர்கள் தேநீர் குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். லவங் கோப்பையைத் தொடவில்லை. 'இப்போது சொல்' என்று ஒவ்வொரு முறையும் நினைத்தார். அப்போதெல்லாம் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரில் இருந்த ஒருவன் அவருடைய பழைய சொல்லை எடுத்து, "குளிர் எல்லார் வீட்டுக்கும்தான் வருது, என்ன லாலா?" என்று சிரித்தான்.

சஹாக் இறங்கி வந்து கயிற்றை அவர் கையில் வைத்தான். கடா அவருடைய முழங்காலை முகர்ந்தது.

"இந்தக் கயிறு என் ஆட்டுக் கழுத்துல இருக்க வேண்டியது," என்றார் லவங். "கிளையை வெட்டினது நான். இவனுக்குக் குழம்பு வைக்க."

சஹாக்தான் முதலில் வாய் திறந்தான்.

"இதை நான் மலையேறுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே லாலா. சும்மா ஏறி இறங்கியிருக்கேன்."

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

லவங் தன் கடாவைக் கொண்டுவரச் சொன்னார். போன வருடத்துக் கடாவுக்கும் ஈடாக ஒன்று தருவதாகச் சொன்னார். சஹாக் தலையசைத்து மறுத்தான்.

"அது நான் வெட்டினதுக்கு. அது சரிதான்."

காவலிலிருந்து தன்னை எடுத்துவிடும்படி அவர் கேட்டார். மலிக் பாயிந்த் தாடியை நீவிக்கொண்டார்.

"எடுத்தா உனக்கு நிம்மதியாயிடும். அதனால காவலை நீயே பாரு. இனிமே யாரைப் பிடிச்சாலும் அவன் உன் முகத்தைத்தான் பார்ப்பான்."

கோடை வந்தது. நிழல் போன கன்றின் தெற்குப் பக்கம் பழுப்பேறத் தொடங்கியது. கழுவும் நீர் போதவில்லை. ஒரு காலையில் லவங் நான்கு கழிகளை நட்டு, தலைப்பாகையை அவிழ்த்து, அந்தத் துணியை அவற்றின் மேல் இழுத்துக் கட்டினார். வெறுந்தலையோடு வாசலுக்கு வந்தார். அந்த மலையில் ஆண்பிள்ளை வெறுந்தலையோடு வெளியே வருவதில்லை.

வழியில் போனவன் நின்றான். "தலைப்பாகை எங்கே லாலா?"

ஜர்குனாதான் உள்ளேயிருந்து பதில் சொன்னாள்.

"நிழல் கொடுக்கப் போயிருக்கு. நீ உன் வழியைப் பாரு."