ரிவர்ஸ் இல்லாத சபாபதி அண்ணன்

கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சபாபதி அண்ணன் நாலு வருடம் பின்னால் போகாமல் வாழ்ந்த மனிதர். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. அவருடைய ஸ்கூல் வேனில் ரிவர்ஸ் கியர் விழாது, அவ்வளவுதான்.

அது முப்பது வருடப் பழைய ஜப்பான் வேன். அதில் கியர் தரையில் இருக்காது. ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலிருந்து ஒரு நீளக் கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பி நாள்பட ஆட ஆரம்பித்தது. முன்னால் போகிற கியர்களுக்குக் கொஞ்சம் இழுத்தால் போதும், எப்படியோ விழுந்துவிடும். ரிவர்ஸுக்கு மட்டும் கடைசி வரை இழுத்து மேலே தூக்க வேண்டும். இழுக்கிற தூரத்தையெல்லாம் அந்த ஆட்டமே தின்றுவிடும்.

வேறு ஒருவராக இருந்தால் மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பார். சபாபதி அண்ணனுக்குப் பயம். மெக்கானிக் கையில் கொடுத்தால் "இதுக்குச் சாமான் வராது, இரும்புக் கடைக்குப் போடுங்க" என்று சொல்லிவிடுவானாம். அதனால் வேனை விட்டுவிட்டு வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். முன்னால் சுவர் இருக்கும் இடத்தில் நிறுத்த மாட்டார். ஒரு பிள்ளையின் வீட்டைப் பத்தடி தாண்டிவிட்டால் அந்தத் தாமான் குடியிருப்பு முழுவதையும் சுற்றிக்கொண்டு மறுபடி வருவார். என் மகள் சுதர்சினியும் அந்த வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். "அங்கிள் தினமும் எங்களுக்கு ஊர் சுத்திக் காட்டுறாரு" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் மனுஷன் ஒரு நாள்கூடப் பிள்ளைகளைத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை. காலை ஐந்தரைக்கே ஹார்ன் அடித்துவிடுவார்.

ஒரு முறை மனைவி லெட்சுமி அக்காவைப் புடவை எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டிக்கொண்டு போனார். நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தினார். புடவை எடுத்துவிட்டு வந்தால் முன்னால் ஒரு லோரி நிற்கிறது. பின்னால் இருபதடி காலி. அந்த இருபதடி அவருக்கு எதற்கு? வழியில் போன நாலு பேரைக் கூப்பிட்டு, பேட்டரி வீக் என்று சொல்லி வேனைப் பின்னால் தள்ளச் சொன்னார்.

"அங்கிள், பேட்டரி வீக்னா முன்னாலதானே தள்ளணும்?" என்று அதில் ஒரு பையன் கேட்டானாம்.

"இது ஜப்பான் வண்டிடா தம்பி, நீ தள்ளு" என்றாராம் இவர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத ஒன்று ஜெஞ்சாரோமில் இருந்தது. அங்கேதான் அவருடைய ஒரே தங்கை உஷாராணியின் வீடு. முட்டுச்சந்தின் கடைசி வீடு. இரண்டு பக்கமும் காவாய், கோடியில் செம்பனைத் தோட்டத்து வேலி. உள்ளே போன வண்டி ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு தீபாவளிக்கு அங்கே போயிருந்தார். தங்கை வீட்டுக்காரர் முகுந்தன் வாய் சும்மா இருக்காமல், "இந்தப் பழைய டப்பாவ வித்துட்டுப் புதுசு எடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டார்.

"இது என்னைக்காச்சும் என் காலை வாரிச்சுன்னா நான் பேரையே மாத்திக்கிறேன்" என்று சவால் விட்டுவிட்டு இவர் வேனில் ஏறினார். ரிவர்ஸ் விழவில்லை. அதுதான் முதல் தடவை. இறங்கி வந்து, மறுபடி பசிக்கிறது என்று சொல்லி இரண்டாவது தடவை சாப்பிட உட்கார்ந்தார். எல்லாரும் உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்த பிறகு, தோட்டத்து ஆட்கள் மூன்று பேரைப் பிடித்துச் சத்தமில்லாமல் வேனை வெளியே தள்ளினார்.

அதற்குப் பிறகு அந்தச் சந்துக்குள் வேன் போகவில்லை. வேன் இல்லாமல் போனால் முகுந்தன், "வண்டி எங்க மச்சான்?" என்று கேட்பார். மறு வருடம் வேனைப் பெரிய ரோட்டில் போட்டுவிட்டு நடந்து போய்ப் பார்த்தார். "ஏன் மச்சான் அங்க போட்டீங்க?" என்று கேள்வி வந்தது. "அவசரம், உடனே போகணும்" என்று படியேறாமல் நின்ற வாக்கிலேயே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

நின்றுகொண்டே தண்ணீர் குடித்துவிட்டுப் போன அண்ணனை எந்தத் தங்கை மறப்பாள்? அண்ணன் மனஸ்தாபமாக இருக்கிறான் என்று குடும்பம் முடிவு கட்டியது. காரணமும் ஆளுக்கொன்றாகக் கிடைத்தது. அம்மாவின் சங்கிலி என்றார்கள், சம்பந்தம் பேசியது என்றார்கள், பந்தியில் வடை வைக்கவில்லை என்றுகூடச் சொன்னார்கள். உஷாராணிக்கும் ரோஷம். அண்ணன் முதலில் வரட்டும் என்று இருந்துவிட்டாள். ஆனால் கிள்ளானில் வேலை பார்த்த தன் மகள் மலர்விழியிடம் வாராவாரம் கோயில் விபூதிப் பொட்டலம் கொடுத்தனுப்புகிற பழைய வழக்கத்தை மட்டும் விடவில்லை. "வீட்டுக்கு வாங்க மாமா" என்று அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டுப் போகும். "வரேன்மா, வரேன்மா" என்பார். ரிவர்ஸ் விஷயம் தெரிந்தது எனக்கும் லெட்சுமி அக்காவுக்கும்தான். வெளியே சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்து வைத்திருந்தார்.

போன ஜனவரியில் மலர்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண் வீட்டில் நலங்கு. முதல் நலங்கு தாய்மாமன் வைக்க வேண்டும், சீர்த்தட்டு தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். பத்திரிகை தபாலில் வந்தது. உஷாராணி நேரில் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு சபாபதி அண்ணன் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் போகலன்னா அவ செத்தாலும் என் மூஞ்சில முழிக்க மாட்டா தம்பி. இருபத்தோரு தட்ட ரோட்டுலேர்ந்து தலையில தூக்கிட்டா போறது?"

"கியரைச் செய்ங்கண்ணே" என்றேன். நாலு வருடமாக நான் சொன்னதும் அந்த ஒரு வார்த்தைதான்.

வியாழக்கிழமை போர்ட் கிள்ளானில் லோரி மெக்கானிக் ஜெயராஜின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஜெயராஜ் ஸ்டீயரிங்கைக் கழற்றி, தண்டின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, இது கியரா, கோயிலா?"

உள்ளே ஒரு கைப்பிடி விபூதி. சந்தனத்தோடும் எண்ணெயோடும் குழைந்து சிமென்டாகக் காய்ந்து கிடந்தது. ஜெயராஜ் அதை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிச் சுரண்டி ஒரு தாளில் கொட்டினான்.

"தங்கச்சி அனுப்புற விபூதி" என்றார் சபாபதி அண்ணன். "நமக்குச் சோறு போடுறது வண்டி. அந்தக் கியர் கம்பிக்குப் பூசிட்டுத்தான் நான் பூசிக்குவேன். வெள்ளிக்கிழமைனா சந்தனமும் வெப்பேன், ரெண்டு சொட்டு நல்லெண்ணெயும் விடுவேன்."

"மூணையும் சேத்தா என்னா தெரியுமாண்ணே? நாங்க வால்வு தேய்க்கிற பேஸ்ட்டு. கம்பிய ஆடாம புடிச்சுக்கிற பிளாஸ்டிக் வளையத்த அதுதான் தின்னுருக்கு."

"ஆடுது ஆடுதுன்னு இன்னும் கொஞ்சம் பூசுனேனேடா!"

"அதான் இன்னும் கொஞ்சம் ஆடிருக்கு."

புது வளையம் எங்கும் கிடைக்காது என்றான். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக் இருந்தா நானே அறுத்துப் போட்டுருவேன், காய் வெட்டுற பலகை மாதிரி" என்று ஜெயராஜ் சொன்னதுதான் தாமதம், நான் அவன் மோட்டார் சைக்கிளில் போய் லெட்சுமி அக்காவின் பலகையையே வாங்கி வந்தேன். வெங்காய வாசனையோடு கொடுத்தார். "கத்தியும் வேணுமான்னு கேளுங்க" என்றார்.

பலகையிலிருந்து வளையம் அறுத்து, கம்பியைக் கோத்திருந்த தேய்ந்த ஊசிக்குப் பதில் பருமனான ஊசி போட்டு, சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டான். சபாபதி அண்ணன் கம்பியை இழுத்துத் தூக்கினார். டொக் என்று விழுந்தது. வேன் பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. ஒர்க்‌ஷாப் வளாகத்தை மூன்று முறை ரிவர்ஸிலேயே சுற்றினார். நிறுத்தச் சொல்லி ஜெயராஜ் ஸ்பேனரோடு பின்னால் ஓடினான். மனுஷன் உள்ளே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சீர்த்தட்டுகளை வேன் சீட்டுகளில் பரப்பிக்கொண்டு கிளம்பினோம். லெட்சுமி அக்கா நடுவில் தேங்காய்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்துக்கு ஐந்து நிமிடம். சந்து முனை வந்தது. அண்ணன் திரும்பவில்லை. தாண்டிப் போய் நிறுத்தினார்.

"என்னண்ணே?"

"ரிவர்ஸ்லயே உள்ள போறேன். நாலு வருஷமா என்னென்ன பேசினாங்க. இன்னைக்குப் பாக்கட்டும் லா."

அவர் கணக்கு அது. பந்தல் வாசலில் நின்றிருந்த உஷாராணி பார்த்தது வேறு. அண்ணன் வேன் சந்து முனை வரை வந்தது, திரும்பாமல் தாண்டிப் போனது. அடுத்து அதன் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. வண்டியின் முதுகைப் பார்த்தால் போகிற வண்டி என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையெல்லாம் நலங்கு மஞ்சளோடு, செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஓடி வந்தவள் ஓடிக்கொண்டிருந்த வேனின் பின் கண்ணாடியைப் படார் படார் என்று அடித்தாள்.

அண்ணன் பிரேக்கை மிதித்தார். ஏழு தேங்காய்கள் உருண்டு என் காலடிக்கு வந்தன.

"போகாதீங்கண்ணே! இவ்வளவு தூரம் வந்துட்டுப் போகாதீங்க!"

"நான் போகலடி, வரேன்!"

"வர்றவங்க இப்படியா வருவாங்க?"

அவர் இறங்கினார். அவள் அவர் சட்டையை மஞ்சள் கையால் பிடித்துக்கொண்டாள். "நான் என்னண்ணே தப்பு பண்ணேன்? அம்மா சங்கிலியா? அத வேணும்னா எடுத்துக்கங்க. நாலு வருஷமா நீங்க என் வாசப்படி மிதிக்கணும்னு வெள்ளிக்கு வெள்ளி வேண்டிக்கிட்டு விபூதி அனுப்புறேனே, அந்தச் சாமிக்குமா காது இல்ல?"

சபாபதி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தேங்காய்களைப் பொறுக்கப் போய்விட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல உஷா" என்றார். "ரிவர்ஸ் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னார். தோட்டத்து ஆட்கள், நின்று குடித்த தண்ணீர், விபூதி, வளையம், காய்ப் பலகை. அதற்குள் வந்து சேர்ந்திருந்த முகுந்தன் வாயைத் திறந்தார். உஷாராணி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"ஒரு கியருக்காகவா?" என்று கேட்டாள். அண்ணனின் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அங்கேயே நின்று அழுதாள்.

வேன் ரிவர்ஸிலேயே வாசல் வரை போனது. உஷாராணி ஆலம் சுற்றினாள். வண்டிக்கும் பூசுகிற பழக்க தோஷத்தில் விபூதியை அள்ளிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கியர் கம்பியை நோக்கிக் கையை நீட்டினாள். சபாபதி அண்ணன் இரண்டு கையாலும் கம்பியைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்குப் போதும்மா" என்று நெற்றியை வெளியே நீட்டினார். "எனக்குப் பூசு."

கண்ணிலெல்லாம் கொட்டும்படி பூசிவிட்டாள்.

"இனிமே விபூதி அனுப்ப மாட்டேன்" என்றாள். "வெள்ளிக்கிழமை நீங்களே வந்து வாங்கிக்கங்க."